8.4% ஓட்டுக்கு 1 சீட், 7.9% ஓட்டுக்கு 29 சீட்: தேமுதிக நிலைப்பாடு மாறியது ஏன்?

"தனித்துப் போட்டி" என்ற கட்சிகள் கூட்டணிக்குப் போவது ஏன்? நைனார்பாளையத்தைச் சுற்றியுள்ள தொகுதிகளிலேயே பதில் இருக்கு.

2006-ல் என்ன நடந்தது?

திமுக, அதிமுகவுக்கு மாற்று என்று 2005-ல் தேமுதிகவைத் தொடங்கினார் விஜயகாந்த். அடுத்த ஆண்டே கூட்டணி இல்லாமல் களமிறங்கினார். சுமார் 8.4% வாக்கு விழுந்தது. ஜெயித்தது ஒரே தொகுதி, விருத்தாசலம். அங்கு நின்றவர் விஜயகாந்த்.

ஏன் இப்படி?

நம்ம தேர்தல் முறையில் தொகுதியில் முதலிடம் வருபவருக்குத்தான் சீட். இரண்டாவது, மூன்றாவது இடத்துக்கு எதுவும் கிடையாது. மாநில அளவில் வாக்கு விகிதப்படி பிரித்திருந்தால் 234-ல் சுமார் 20 இடம் வந்திருக்கும்.

2011-ல் மாறியது எது?

மாற்று என்று சொன்ன கட்சி அதிமுகவுடன் சேர்ந்தது. 41 தொகுதிகளில் நின்று 29-ல் வென்றது. வாக்கு சுமார் 7.9% தான். ரிஷிவந்தியத்தில் ஜெயித்த விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரும் ஆனார்.

கூட்டணி மட்டும் போதுமா?

போதாது. 2016-ல் பெரிய கட்சிகள் இல்லாத மக்கள் நலக் கூட்டணியுடன் நின்று ஒரு இடமும் கிடைக்கவில்லை. உளுந்தூர்பேட்டையில் விஜயகாந்தே தோற்றார். 2019 மக்களவைத் தேர்தலில் மீண்டும் அதிமுக அணி.

சுருக்கமா சொன்னா, தலைவரின் மனசு மட்டுமல்ல, ஓட்டு எண்ணும் முறையும் கட்சியின் நிலைப்பாட்டை மாத்தும்.