மேட்டுவடிவக் குறுக்கடுக்கு

பண்டைய ஆழமற்ற கடல்களில் புயல் படியவைத்த மணற்கற்களில் காணப்படும் அடுக்கமைப்பு. பாறையின் வெட்டுமுகத்தில் மெல்ல உப்பிய மேடுகளும் அவற்றுக்கிடையே ஆழமில்லாத பள்ளங்களுமாக, மணல் ஏடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கும். மேட்டுக்கு மேடு 1 முதல் 5 மீட்டர் இடைவெளி. ஏடுகளின் சாய்வு பெரும்பாலும் 15 பாகைக்கும் குறைவு.

ஒரு படுகையை அடியிலிருந்து மேலே பார்த்துப் போனால் ஒரு புயலின் நாட்குறிப்பு கிடைக்கும். அடிப்பரப்பு கீழிருக்கும் சேற்றுப்பாறையைச் சீவிவிட்டு உட்கார்ந்திருக்கும். அதில் நீரோட்டம் இழுத்துப்போன பொருள்களின் கீறல்கள், சில இடங்களில் உடைந்த சிப்பிகள். அதற்கு மேல் மேட்டு ஏடுகள். உச்சியில், புயல் தணிந்தபோது விழுந்த சிற்றலை வரிகள். பிறகு மறுபடி சேறு, புழுக்கள் துளைத்துக் குழப்பிய சேறு. மணல் படிய ஆனது சில மணி நேரமோ சில நாளோதான். மேலே உள்ள விரற்கடைச் சேற்றுக்கு அதைவிட மிக நீண்ட காலம் ஆகியிருக்கும்.

அமைப்பு கண்ணில் பட்டது வெகுகாலம் முன்பே. நியூயார்க் மாநிலத்து மெடினா மணற்கல்லில் கண்ட பெரிய அலைவரிகளைப் பற்றி 1899இல் ஜி. கே. கில்பர்ட் எழுதினார், பேரலைகளின் வேலை என்றார். 1966இல் கேம்பெல் இதைத் துண்டிக்கப்பட்ட அலைவரி ஏடுகள் என விவரித்தார். இன்று வழங்கும் பெயரை 1975இல் ஹார்ம்ஸ், சதர்ட், ஸ்பியரிங், வாக்கர் ஆகிய நால்வரும் ஒரு பயிற்சி வகுப்புக் கையேட்டில் சூட்டினர். பெயர் வந்தபின் உலகெங்கும் பாறைகளில் இது தென்படத் தொடங்கியது. 1982இல் டாட்டும் பூர்ஷுவாவும் ஒரு முழுப் புயற்படுகையின் வரிசையை மாதிரியாக வகுத்தனர்.

சண்டை வேறிடத்தில் இருந்தது: கரை மணலை ஆழத்துக்குக் கொண்டுபோனது யார்? 1961இல் டெக்சாஸைத் தாக்கிய கார்லா சூறாவளிக்குப் பின் கடலடியில் புது மணற்படலம் கிடந்ததைக் கண்ட ஹேய்ஸ், கரையேறிய நீர் திரும்பி வடிந்தபோது எழுந்த கலங்கல் ஓட்டமே காரணம் என்றார். காற்று தள்ளிய நீரோட்டமே போதும் என்று பின்வந்தவர்கள் மறுத்தனர். ஆனால் அத்தகைய ஓட்டம் புவிச்சுழற்சியால் திரும்பிக் கரைக்கு இணையாகவே போகும். பண்டைய படுகைகளின் அடிக்கீறல்களோ பலவிடங்களில் கரையிலிருந்து நேரே கடலை நோக்குகின்றன. அலையின் முன்பின் அசைவு ஓட்டத்தோடு சேர்ந்து கீறியதால் வந்த தோற்றம் என்பது ஒரு விடை. எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை.

மேடுகளின் பிறப்பில் தெளிவு அதிகம். செயற்கை நீர்க்கால்வாய்ச் சோதனைகளின் அடிப்படையில் டூமாஸும் ஆர்னட்டும் 2006இல் காட்டியது இது: அலையசைவு வலுவாக, ஒருதிசை ஓட்டம் மிக மெதுவாக, மணல் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் மேடுகள் நிலைக்கும். படிவு மெதுவானால் மேடுகள் அரிக்கப்பட்டுப் பள்ளங்கள் மட்டுமே மிஞ்சும். ஓட்டம் வலுத்தால் ஏடுகள் ஒரே பக்கமாகச் சாயும்.

ஆகவே களத்தில் ஒரு முகத்தைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. அதற்குச் செங்குத்தான மறுமுகத்தையும் தேடிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே உருவம் தெரிந்தால்தான் இது மேட்டுவடிவக் குறுக்கடுக்கு.