ஏனோக்கின் வானேற்றமும் மரண நியதியும்

ஆதியாகமத்தின் ஐந்தாம் அதிகாரம் ஆதாம் தொடங்கி வரும் பிதாக்களின் வம்சவரிசையைச் சொல்லுகையில், ஒவ்வொருவர் ஆயுளையும் கணக்கிட்டு அவர் மரித்தார் என்று முடித்துக்கொண்டே செல்ல, ஏழாம் தலைமுறையினராகிய ஏனோக்கினிடத்தில் மட்டும் அம்முடிபு இல்லாதொழிகிறது. பெரும்பாலோர் தொள்ளாயிரம் ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்த அவ்வரிசையில் 365 ஆண்டுகளே இருந்த இவர், தேவனோடு சஞ்சரித்தார், தேவன் எடுத்துக்கொள்ள மறைந்தார் என்பதன்றி மூலநூல் வேறொன்றும் பகர்வதில்லை. இச்சிறு வாசகத்தின்மீது மூன்று சமயங்கள் எழுப்பிய வியாக்கியானங்களை ஆராயுமிடத்து, அவற்றுக்குப் பெருஞ்சங்கடம் விளைத்தது அவர் இறவாமலே ஏறினார் என்பதுதான் என்று துணியத் தோன்றுகிறது.

கும்ரான் குகைகளின் அரமேயத் துணுக்குகளால் கிறிஸ்துவுக்கு முற்பட்டவை எனத் தெளியப்பட்ட பகுதிகளை உடையதும், எத்தியோப்பியத் திருச்சபை இன்றும் வேதமாகப் போற்றுவதுமான ஏனோக்கு நூலில் இச்சங்கடத்தின் சாயலே இல்லை. ஹெர்மோன் மலைக்குத் தென்மேற்கே தாண் நீர்க்கரையில் அமர்ந்து, பாவத்தில் வீழ்ந்த காவற்றூதர்களின் பொருட்டு எழுதிய மன்றாட்டை வாசித்தபடியே உறங்கிப்போகும் ஏனோக்கு, தரிசனத்தில் காற்றினால் உயர்த்தப்பட்டுப் பளிங்கு மாளிகையொன்றினுள் புகுகிறார்; நெருப்பின் வெம்மையும் பனியின் குளிர்ச்சியும் ஒருங்கே கொண்ட அவ்விடத்தில் வாழ்வின் இன்பம் எதுவுமில்லாமை கண்டு நடுநடுங்கி முகங்குப்புற விழுகிறார். சுவர்க்கத்தை இத்துணைப் பயங்கரமாகக் காட்டிய துணிவு மிகவும் வியக்கத்தக்கது.

பின்வந்த யூத மரபிலோ ஏனோக்கு மெத்தத்ரோன் என்னும் மகாதூதராகவே மாறிவிடுகிறார். அம்மெத்தத்ரோன் வீற்றிருக்கக் கண்ட யூத ரபி எலீசா பென் அபூயா விண்ணில் ஆட்சிகள் இரண்டோ என மயங்கினாரென்றும், அதன்பொருட்டு மெத்தத்ரோனுக்கே அக்கினிக் கசையடி அறுபது விழுந்ததென்றும் தல்மூது உரைக்கிறது. ஏகதெய்வக் கொள்கைக்கு ஊறு நேருமோ என்னும் இவ்வச்சத்தை உணர்ந்தால், ஓன்கெலோசின் தர்கூம் என்னும் அரமேய மொழிபெயர்ப்பு கர்த்தர் அவரை மரிக்கச் செய்ததாக மொழிவதும், ஆதியாகமத்துக்கு யூத விளக்கவுரையாகிய மித்ராஷ் அவரை நன்மைக்கும் தீமைக்கும் இடையே ஊசலாடியவராக்கி, நல்வழி நின்ற வேளையிலேயே தேவன் எடுத்துக்கொண்டார் என்பதும் விளங்கும்.

கிறிஸ்தவருள், அவர் மரணத்தைக் காணாதபடி எடுக்கப்பட்டார் என எபிரெயர் நிருபம் ஐயத்துக்கிடமின்றிச் சாற்றியும், தெர்த்துல்லியன் அம்மரணம் ஒத்திவைக்கப்பட்டதேயன்றி நீக்கப்பட்டதன்று எனவும், எலியாவோடு அவரும் அந்திக்கிறிஸ்துவின் காலத்தில் இரத்தஞ் சிந்துவார் எனவும் வாதித்தார்.

குர்ஆனின் மர்யம் அத்தியாயம் உயர்ந்த இடத்துக்கு ஏற்றப்பட்டதாகக் கூறும் இத்ரீஸ் நபியை குர்ஆன் விரிவுரையாளராகிய முபஸ்ஸிர்கள் பலரும் ஏனோக்காகவே கொண்டனர். மிஃராஜ் என்னும் விண்பயணத்தின்போது நபிகள் நாயகம் இத்ரீஸைச் சந்தித்தது நான்காம் வானத்தில் என்பது ஹதீஸ். தப்ரி எடுத்தோதும் விருத்தாந்தத்தின்படி, நட்புக்கொண்ட வானதூதராகிய மலக்கு ஒருவர் இத்ரீஸைச் சிறகில் ஏற்றி அங்கே கொண்டுசெல்ல, எதிர்ப்பட்ட மரணதூதராகிய மலக்குல் மவுத், பூமியிலிருப்பவரின் உயிரை நான்காம் வானத்தில் வாங்கும்படி கட்டளையிடப்பட்டது எங்ஙனமென்று வியந்துகொண்டிருந்ததாகச் சொல்லி, அவ்விடத்திலேயே அவருயிரைக் கைப்பற்றுகிறார். இதனை யூத மரபினின்று புகுந்த கதையாகிய இஸ்ராயீலிய்யத் என்று இப்னு கஸீர் ஐயுற்றது நியாயமேயாயினும், எம் கருத்துக்கு இதனினும் உறுதியான சான்று வேண்டுவதில்லை. ஸஅலபியின் கதையிலோ இத்ரீஸ் தாமே வேண்டி மரணத்தைச் சுவைத்து, உயிர் மீண்டு, நரகத்தைக் கண்டு, சுவர்க்கம் புகுந்தபின் வெளியேற மறுக்கிறார். ஒவ்வோர் ஆன்மாவும் சுவைக்கவேண்டிய மரணத்தைத் தாம் முன்னமே சுவைத்துவிட்டதாக அவர் எடுத்துரைக்கும் வாதத்தை இறைவனும் ஏற்றருளுகிறான்.