இளையாத்தங்குடியும் கலியுகம் 3808-உம்: ஒரு சான்றாராய்ச்சி

காவிரிப்பூம்பட்டினத்தை நீங்கிப் பாண்டிநாட்டுக்கு வந்த நகரத்தாருக்குச் சௌந்தரபாண்டியன் என்னும் அரசன் கலியுகம் 3808-இல், அதாவது கி.பி. 707-இல், முதன்முதலாக இளையாத்தங்குடிக் கோயிலை அளித்தான் என்பதும், மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி முதலான ஏனை எட்டுக் கோயில்களும் அதன்பின் சில ஆண்டுகளுக்குள் தனித்தனியே அமைந்தன என்பதும் செட்டிநாட்டார் வழிவழியாகப் போற்றிவரும் செய்திகள். தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்திய சாதிகளைப் பற்றிய நூலிலும் இக்குடிபெயர்ச்சிக் கதை இடம்பெற்றது. குடிபெயர்ச்சி நிகழ்ந்ததா இல்லையா என்பது இங்கு வினாவன்று. 707 என்னும் எண் எத்தகைய சான்றின்மேல் நிற்கிறது என்பதொன்றையே ஆராய விரும்புகிறேன்.

அவ்வெண்ணை மெய்யெனக் கொள்ளும் வாதங்களுள் வலிமை மிக்கது, சௌந்தரபாண்டியனைக் கூன்பாண்டியனோடு ஒன்றாகக் கொள்வதாகும். திருஞானசம்பந்தரின் அருளால் கூன் நிமிரப்பெற்ற நெடுமாறனே சௌந்தரபாண்டியன் எனப் பெயர் பூண்டான் என்பது திருவிளையாடல் மரபு, அந்நெடுமாறனே செப்பேடுகள் கூறும் அரிகேசரி மாறவர்மன் என்பது சரித்திர ஆசிரியர் பலரின் துணிபு, அவ்வரசனுக்குக் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் பாண்டிய அரசைப் பற்றித் தாம் 1929-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் வகுத்த காலம் ஏறத்தாழ 670 முதல் 710 வரை. இம்மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்ப்பவருக்குக் கலியுகம் 3808 மிகச் செம்மையாகப் பொருந்திவிடும். புராணமும் செப்பேடும் குடிவழக்கும் ஒரே ஆண்டைச் சுட்டுகின்றன என்ற மகிழ்ச்சியில் ஆராய்ச்சி அங்கேயே நின்றுவிடுதலும் இயல்பே.

ஆயினும் மூன்று சாட்சிகள் உடன்படுகின்றன என்று சொல்லுமுன், அம்மூவரும் ஒருவரையொருவர் அறியாதவரா என்று கேட்டாக வேண்டும். நெடுமாறனுக்குச் சௌந்தரபாண்டியன் என்னும் பெயரைத் தருவது அவன் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிற்பட்ட மதுரைப் புராண மரபேயன்றி அவன் காலத்துச் சாசனம் எதுவுமன்று. மதுரைக்கு அணித்தான நாட்டில் வாழ்ந்து, சிவநெறியில் ஊன்றி நின்ற ஒரு சமூகத்தாரின் கதையில் அப்பெயர் இடம்பெறுமாயின், அது 707-ஆம் ஆண்டின் நினைவு என்று கொள்வதைக் காட்டிலும், புராணத்திலிருந்து வந்து சேர்ந்தது என்று கொள்வதே எனக்கு நேரிதாகத் தோன்றுகிறது. அங்ஙனமாயின் இரண்டு சாட்சிகள் ஒரு சாட்சியாகிவிடும்.

மூன்றாவது சாட்சியும் கருதுமளவு உறுதியுடையதன்று. சாஸ்திரியார் தந்தது மதிப்பீட்டுக் காலம். கல்லிற் பொறித்த ஆண்டன்று. தி. வை. சதாசிவ பண்டாரத்தார் தம் ‘பாண்டியர் வரலாறு’ நூலில் நெடுமாறனை ஏறத்தாழ 640 முதல் 670 வரையிலும், அவன் மகன் கோச்சடையன் ரணதீரனை 670 முதல் 710 வரையிலும் வைப்பர். அவ்வரிசையைக் கொண்டால் 707 ரணதீரன் ஆட்சிக்குள் விழும். அவனைச் சௌந்தரபாண்டியன் என்று அழைக்கும் புராணமும் இல்லை. பேரறிஞர் இருவரின் மதிப்பீடுகளுள் தமக்கு ஏற்றதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பது சான்றாராய்ச்சி ஆகாது.

இவ்விடத்தில் வேள்விக்குடிச் செப்பேட்டைச் சற்று விரிவாகக் காண்பது தகும். நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டில், எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த அது கடுங்கோன், அவனிசூளாமணி, சேந்தன், அரிகேசரி, ரணதீரன், பராங்குசன், நெடுஞ்சடையன் என எழுவரை முறையே கூறும். 707 என்னும் ஆண்டு அப்பட்டிகைக்குள் அடங்கியதே. ஆயினும் சௌந்தரபாண்டியன் என்ற பெயர் அதில் இல்லை. அதனினும் கருதத்தக்கது அச்சாசனம் பிறந்த வரலாறு. காமக்காணி நற்சிங்கன், தன் முன்னோனாகிய கொற்கைகிழான் நற்கொற்றனுக்குப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி அளித்த ஊர் களப்பிரரால் பறிபோயிற்று என்று மதுரையில் முறையிட்டபோது, அரசன் அவன் சொல்லை உடனே ஏற்றுக்கொண்டானல்லன். அவ்வுரிமையின் பழமையை நாட்டாரைக்கொண்டு நிறுவுமாறு பணித்து, அவன் நிறுவிய பின்னரே ஊரை மீட்டளித்தான். 707-க்கு ஒன்றிரண்டு தலைமுறைக்குள்ளேயே பாண்டிய அரசவை, பழமை பேசுவோரிடம் கூற்றும் நிரூபணமும் வேறு வேறு என்னும் தெளிவோடு நடந்துகொண்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அதே வேளையில் அச்செப்பேட்டுக்கும் ஓர் எல்லையுண்டு. நெடுஞ்சடையனின் அவையைப் பற்றி அது கூறுவது நேர்ச்சாட்சி. நெடுங்காலத்துக்கு முற்பட்ட முதுகுடுமியைப் பற்றிக் கூறுவதோ, இளையாத்தங்குடிக் கதையைப் போலவே, வழிவழிக் கேள்வி. ஒரே ஏட்டின் இரு பகுதிகளுக்கும் ஒரே அளவு நம்பிக்கை தரலாகாது.

கலியாண்டுக் கணக்கைப் பற்றியும் நடுநிலையோடு ஒன்று சொல்லவேண்டும். அவ்வழக்கு பிற்காலத்தது என்று தள்ளுவதற்கில்லை. ஆனைமலை நரசிங்கர் குடைவரைக் கல்வெட்டு கலியுகம் 3871, அதாவது கி.பி. 770, என்று தன் காலத்தைத் தானே கூறுகிறது. ஆகவே எட்டாம் நூற்றாண்டுப் பாண்டிநாட்டில் ஒருவர் கலி 3808 என்று எழுதியிருக்கக் கூடும். ஆனால் அதே குடிவழக்கு, நகரத்தார் நாகநாட்டினின்று காஞ்சிக்கு வந்தது கலி 204, காவிரிப்பூம்பட்டினம் சேர்ந்தது கலி 2312, அங்கே துன்புற்றது கலி 3775 என்று மூவாயிரத்தைந்நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளையும் இடைவெளியின்றி நிரப்புகிறது. உண்மை நினைவில் மறதியின் இடைவெளிகள் இருக்கும். இவ்வரிசையிலோ ஒன்றேனும் இல்லை. எட்டாம் நூற்றாண்டில் சோழர் சிற்றரசர் நிலையிலிருந்தனர், தஞ்சையில் விஜயாலயன் எழுந்தது அடுத்த நூற்றாண்டின் நடுவிலேயே என்பதையும் கருதினால், காவிரிப்பூம்பட்டினத்துச் சோழப் பெருவேந்தன் கொடுமையால் இக்குடிபெயர்ச்சி நிகழ்ந்தது என்னும் பகுதி மேலும் தளர்கிறது. இவ்வாண்டுகள் கற்றறிந்தார் ஒருவர் பிற்காலத்தில் கணித்தமைத்தவை என்பது என் கருத்து. அவர் யார், எக்காலத்தவர் என்பதை வரையறுக்கும் ஆதாரம் என்னிடம் இல்லையாதலின் இதனை ஊகமென்றே வைக்கிறேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் 1216-இலும் 1251-இலும் முடிசூடிய சுந்தரபாண்டியர் இருவருள் ஒருவரின் நினைவு இக்கதையிற் கலந்திருக்கலாம் என்பதும் அதனினும் மெல்லிய ஊகமே.

ஆதலின் இளையாத்தங்குடிக் குடியேற்றத்தின் ஆண்டை இக்கட்டுரை முடிவு செய்யவில்லை. குடிவழக்கைப் பொய்யென்று ஒதுக்குவதும் முறையன்று. ஒன்பது கோயில்களுள் இளையாத்தங்குடியே மூத்தது என்று ஒரு சமூகம் ஒருமித்துப் போற்றிவருதல், அக்கோயில்களின் வரிசையைப் பற்றிய மதிக்கத்தக்க சாட்சியம். அதே வாய்மொழி, ஆண்டைப் பற்றிப் பேசும்போது அவ்வுரிமையை இழக்கிறது. ஒரு சான்றை நம்பலாமா என்று பொதுப்படக் கேட்பதை விடுத்து, எச்செய்திக்கு, எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்பதே நற்சிங்கனிடம் பாண்டியன் வேண்டிய நிரூபணத்துக்கு ஒத்த நெறி. 707 என்னும் எண்ணை நூலில் எழுதுவோர் இனி அதனைக் குடிவழக்கு என்ற அடைமொழியோடு எழுதுவாராக.