அழுத்தும் கோடும் துளைக்கும் கோடும்

கையால் தோலில் சித்திரம் செய்யும் இரு வேலைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, வீட்டு மேசையிலேயே செய்யக்கூடிய பூவேலைப் பெல்ட். மற்றொன்று, குமரி மாவட்டத்தில் வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் குடும்பங்கள் காத்துவரும் நிழற்கூத்துக்கான தோல்பாவை.

வேற்றுமை தோலிலேயே தொடங்குகிறது. பெல்ட்டுக்கு தாவரச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல் வேண்டும். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதற்குப் பேர்போனவை. அவற்றின் துவர்ப்புச் சத்து தோலின் நாரோடு பிணைந்து அழுகலைத் தடுக்கும். தோல் பழுப்பேறி ஒளிபுகாததாகும். பாவைக்கு வேண்டியது பதனிடாத ஆட்டுத்தோல். மயிர் நீக்கி, சதை வழித்து, இழுத்துக் கட்டிக் காயவைத்தால் விளக்கொளி ஊடுருவும் அளவுக்குத் தெளியும்.

பெல்ட் தோலின் தடிப்பு 3 முதல் 4 மில்லிமீட்டர். அதை லேசாக நனைத்து, பழைய நிறம் திரும்பத் தொடங்கும்போது கத்தியால் கோடு கீற வேண்டும். கீறல் பாதித் தடிப்பைத் தாண்டினால் பெல்ட் வலுவிழக்கும். பிறகு கோட்டோரமாக அச்சுக்கம்பியை வைத்து மரச்சுத்தியால் தட்ட, ஒருபக்கம் அமுங்கிப் பூ மேலெழுந்து நிற்கும். இடுப்பின் இழுப்பைத் தாங்க வேண்டியிருப்பதால் துளைகளும் குறைவு: நடுக்கோட்டில் ஓர் அங்குல இடைவெளியில் ஐந்து போதும்.

பாவையில் கத்தி ஊடுருவியே தீர வேண்டும். கிரீடம், மாலை, சேலைக்கரை எல்லாம் சிற்றுளியால் போட்ட துளைகளே. இருபக்கமும் சாயம் தீட்டிய தோல் திரையில் வண்ணமாகத் தெரிய, துளை வழியே வரும் வெளிச்சம் நகையாக மின்னும். பெல்ட்டுக்குப் பலவீனமாகும் துளை, பாவைக்கு அழகாகிறது.

இரு பருவமழையும் பெய்யும் குமரியின் நாஞ்சில் நாட்டில் ஈரத்திலிருந்து இரண்டையுமே காக்க வேண்டும். பெல்ட்டை எண்ணெயும் மெழுகும் காக்கும். பதனிடாத பாவையோ நனைந்தால் தளர்ந்து சுருளும்.

பெரிய வேற்றுமை இனித்தான் வருகிறது. இடுப்பில் கட்டியதும் பெல்ட் முழுமை பெறுகிறது. ஒருவர் தனியாகவே கற்றுச் செய்துவிடலாம். பாவை செய்து முடித்தாலும் வேலை பாதிதான். மூங்கில் கீற்றில் பிடித்து ஆட்டும் கை, இசை, இராமாயணக் கதை, கோமாளிகளான உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் குரல் மாற்றிப் பேசும் நாவு எல்லாம் சேர வேண்டும். ஆய்வாளர் அ.கா. பெருமாள் இக்கலையை எழுத்தில் பதிவுசெய்திருக்கிறார். ஆனால் எழுத்தும், சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய பாவையும் கூத்தாகிவிடா.

பெல்ட் வேலையை அதை அணிபவர் வாழவைப்பார். பாவை வேலையை வாழவைக்க வேண்டியது ஊர். கோயில் கொடைகளிலும் பள்ளிகளிலும் கூத்துக்கு இடமும் நியாயமான கூலியும் கிடைக்க வேண்டும். தோல்வேலை பழகும் இளைஞர்களும் ஒருமுறை பாவைக்காரர் அருகே அமர வேண்டும். தோலை எங்கே துளைக்காமல் விடுவது என்பதைப் பெல்ட் கற்றுத்தரும்; எங்கே துணிந்து துளைப்பது என்பதைப் பாவைக்காரரிடம்தான் கற்க முடியும்.