குழாய் நின்ற இடமெல்லாம் பாறையா? கடலூர்க் கரையில் கடலடி கேபிள் அளவாய்வும் விருத்தாசலத்துக் களிமண்ணும்

அளவாய்வுக் கப்பல் நெருங்க முடியாத ஆழங்குறைந்த கரைக்கடலில், மணலின் கனத்தை அறிய முக்குளிப்போர் நீர்பாய்ச்சுக் குழாயை இறக்குவது வழக்கம். குழாய் ஓர் ஆழத்தில் நின்றுவிட்டால் அந்தப் புள்ளி வரைபடத்தில் ‘பாறை’ என்று ஏறுகிறது. கடலூர் முதல் பரங்கிப்பேட்டை வரையிலான கரைக்கு இந்த வாசிப்பு செல்லாது என்பது என் வாதம்.

மறுதரப்பின் நிலைப்பாடு எளியது. மேலே மணற்போர்வை, கீழே கடலூர் மணற்கல். கடலடிக்குள் ஒலியலை அனுப்பி எதிரொலியைப் பதியும் ஒலிப்பதிவில் மணலுக்கு அடியில் தெரியும் முதல் அழுத்தமான கோடுதான் மணற்கல்லின் மேற்பரப்பு. குழாய் நின்ற ஆழமும் அக்கோடும் பொருந்தினால் ஐயத்துக்கு இடமில்லை. இவற்றை ஒன்றையொன்று சாராத இரு சான்றுகளாகக் கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது. அடர்த்தியும் ஒலிவேகமும் சட்டென மாறும் எல்லையை ஒலிப்பதிவு காட்டும். கீழுள்ள பொருளின் வலிமையைக் காட்டாது. குழாயோ, நீரின் பாய்ச்சலால் அரிக்க முடியாத ஒன்று எதிர்ப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும். இறுகிய களிமண் ஒன்றே இந்த இரண்டு விளைவுகளையும் தரக்கூடியது.

அப்படிப்பட்ட களிமண் அங்கே உண்டா? விடைக்குக் கடலை விட்டு மேற்கே வரவேண்டும். கடலூர் மணற்கல் என்ற பெயரில் அடங்குவது ஒரே பாறையன்று. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க வெட்டிய சுரங்கச் சுவர் இந்தப் படிவத்தின் மிகப்பெரிய திறந்த குறுக்குவெட்டு. மணற்கல், தளர்மணல், களிமண் ஆகியவை அதில் மாறிமாறி வருகின்றன. பல அடுக்குகள் பக்கவாட்டில் மெலிந்து மறைகின்றன. சில மணற்கல் பட்டைகளை வெடிவைத்துத் தளர்த்திய பிறகே வாளிச்சக்கர இயந்திரம் அள்ளுகிறது. அருகிலேயே பீங்கானுக்கு உதவும் வெண்களிமண் கிடைக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் அதற்கான தொழில்நுட்பக் கல்வியும் வேரூன்றியதற்கு இந்த வட்டாரக் களிமண்ணே அடிப்படை. நிலத்தில் தொழிலாக நிலைத்துவிட்ட ஒரு பொருளைக் கடலடி வரைபடம் கணக்கிலேயே எடுக்காதது வியப்புக்குரியது.

நெய்வேலி கடலிலிருந்து வெகுதூரம் என்பார்கள். இந்த மறுப்பில் சாரமில்லை. கடலூர் நகரை ஒட்டிய கேப்பர் மலையும் இதே படிவந்தான். அங்கிருந்து கடற்கரை சில கிலோமீட்டர். அடுக்குகளும் கடலை நோக்கியே சரிகின்றன. நெய்வேலியில் உள்ள அதே அடுக்கு அதே கனத்தில் கடலடியிலும் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. பாறையும் களியும் மாறிவரும் இயல்பு கரைக்கோட்டோடு நின்றுவிட்டது என்று நிறுவும் பொறுப்பு மறுதரப்புக்கு உரியது.

இது பெயர்ச் சண்டையன்று. கரையோரத்தில் கேபிளை 1 முதல் 2 மீட்டர் ஆழத்தில் புதைப்பது பொதுவான இலக்கு. மணலில் நீர்பாய்ச்சிப் புதைக்கலாம். இறுகிய களியில் அம்முறை திணறும். ஆனால் கேபிள் புதைக்கும் கலப்பை கீறிச் செல்லும். இரும்பு பிணைத்த மணற்கல்லில் இரண்டும் பலிக்காது. களியைப் பாறை என்று எழுதினால், புதைத்திருக்கக்கூடிய கேபிளை இரும்பு உறையிட்டுக் கடலடியின் மேலேயே கிடத்த நேரிடும். நங்கூரத்துக்கும் வலைக்கும் அது இரையாகும். பாறையைக் களி என்று எழுதினால் கலப்பை பாதிவழியில் நிற்கும்.

ஆறுகளும் இந்த இரண்டடுக்குப் படத்தைக் குலைக்கின்றன. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. தென்பெண்ணை, கெடிலம், விருத்தாசலத்து மணிமுத்தாறு கலக்கும் வெள்ளாறு ஆகியவை அப்போது இன்றைய கரையைத் தாண்டி ஓடியிருக்க வேண்டும். அவை அறுத்து, பின்னர் சேறு நிரம்பிய பள்ளங்களில் மட்கும் பொருள்களிலிருந்து எழும் வாயு ஒலியை மறைத்துவிடும். பதிவில் கோடு காணாமற்போவதால் பாறை ஆழத்துக்குப் போய்விட்டது என்று முடிவுகட்ட முடியாது.

குழாய் நின்ற புள்ளிகளில் மாதிரி எடுத்துப் பார்த்தால் செலவு கூடும் என்ற மறுப்பை நீட்டி விவாதிக்கத் தேவையில்லை. 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கேபிளின் நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அப்படிப்பட்ட திட்டத்தில் கரையோரத்துச் சில மாதிரிக் குழாய்கள் பெருஞ்செலவல்ல. மாதிரி கைக்கு வந்தபின் முதற்கட்டச் சோதனைக்கு ஆய்வகமும் வேண்டியதில்லை. காயவைத்த களிக்கட்டி தண்ணீரில் உதிர்ந்து குழையும்; இரும்பு பிணைத்த மணற்கல் குழையாது. மண் குழைக்கும் எவருக்கும் இது தெரியும்.

சென்னையிலும் தூத்துக்குடியிலும் கேபிள்கள் கரையேறிவிட்டன. கடலூர்க் கரைக்கும் ஒருநாள் தடம் வரையப்படலாம். அப்போது, மாதிரி எடுக்காத புள்ளிகளில் ‘பாறை’ என்று எழுதாமல் ‘தடை, பொருள் உறுதியாகவில்லை’ என்றே வரைபடத்தில் குறிக்க வேண்டும்.