மாட்டு, கோ-டூ, ஒற்றை இறகு

1903ல், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த வேதாசலம், முல்லைப்பாட்டுக்கு ஓர் ஆராய்ச்சியுரை வெளியிட்டார். மறைமலை அடிகள் என்று அவர் பெயர் மாற இன்னும் பதின்மூன்று வருடங்கள் இருந்தன. வயது இருபத்தாறு இருபத்தேழு. அந்த வயதில் அவர் சண்டைக்குப் போன ஆள் லேசுப்பட்டவர் இல்லை, உச்சிமேல் புலவர்கொள் நச்சினார்க்கினியர்.

என் ஊருக்கு அவர் பெயர்தான். ஃபோர்டு கம்பெனி இருந்த இடம் என்று சொன்னால்தான் வெளியூர்க்காரர்களுக்கு மறைமலைநகர் பிடிபடும். தனித்தமிழ், பல்லாவரம் என்று அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தவை பெரும்பாலும் 1911க்குப் பிறகு வந்தவை. ஆனால் நவீனக் கவிதையின் கட்டமைப்பு பற்றிப் பேச நினைக்கும் ஒருவர் தேட வேண்டியது அதற்கு முந்தைய வேதாசலத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கவிதையின் வரிகள் ஏன் அந்த வரிசையில் இருக்கின்றன என்று தமிழில் நவீன அர்த்தத்தில் கேட்ட முதல் குரல்களில் ஒன்று அவருடையது.

சண்டை எதற்கு? ‘மாட்டு’க்கு. தொல்காப்பியம் செய்யுளியலில் செய்யுளுக்கு 34 உறுப்புகளை அடுக்குகிறது. அதில் மாட்டு ஒன்று. பொருள் முடிய வேண்டிய சொற்கள் பக்கத்தில் இருந்தாலும் சரி, தள்ளிக் கிடந்தாலும் சரி, கொண்டுவந்து சேர்த்துப் பொருள் முடித்துக்கொள்ளலாம். நச்சினார்க்கினியர் இதைத் தாராளமாகப் பயன்படுத்தினார். முல்லைப்பாட்டு 103 அடி. அதில் ஓரிடத்துச் சொல்லை எடுத்து வெகுதூரம் தாண்டி இன்னொன்றோடு முடிப்பார், பிறகு திரும்பி வருவார். அவருக்குக் காரணம் இருந்தது. முல்லைத் திணைக்கு உரியது இருத்தல், அதாவது ஆற்றியிருத்தல். இரங்கல் நெய்தலுக்கு உரியது. தலைவி கண்ணீரும் கம்பலையுமாகக் கிடந்தால் திணை கெட்டுப்போகும். ஆகவே வரிகளை நகர்த்தி அவளை ஆற்றியிருக்க வைத்தார்.

வேதாசலத்தின் பதில் எளிமையானது. பாட்டு இருக்கிறபடியே ஓடுகிறது, கலைக்காதீர்கள். வீட்டில் தொடங்குகிறது: மழை, நற்சொல் கேட்கப் போகும் பெண்கள், கண்ணீர் நிற்காத தலைவி. பிறகு பாசறை. காயம்பட்ட யானைகளையும் வீரர்களையும் நினைத்துத் தூக்கமில்லாமல் கிடக்கும் அரசன். மறுபடியும் வீடு. கடைசியில் திரும்பி வரும் தேர். அழுகை, போர், அழுகை, வருகை. இதில் நகர்த்த என்ன இருக்கிறது?

என் தொழிலில் இதே சண்டை 1968ல் நடந்தது. ‘கோ-டூ’ என்று ஒரு கட்டளை உண்டு. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது இங்கிருந்து நேராக அங்கே தாவு என்று சொல்வது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா அதைக் கண்டித்து ஒரு கடிதம் எழுதினார். தாளில் இருக்கும் நிரலின் வரிசைக்கும் அது ஓடும்போது நடப்பதற்கும் இடையே இருக்கிற தூரத்தைக் குறைக்க வேண்டும், தாவித் தாவிப் போனால் மனித மூளை தொடர முடியாது என்பது சாரம். கடிதம் சில பக்கம்தான், அதைச் சொல்லி இன்றுவரை சண்டை போடுகிறோம். மாட்டு என்பது கோ-டூ. வேதாசலம் கேட்டதும் அதே தூரத்தைக் குறைக்கத்தான்.

ஆனால் நச்சினார்க்கினியரை அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிடவும் முடியாது. அவர் காலத்து வாசகனுக்குப் பாட்டு மனப்பாடம். மனப்பாடமாக இருக்கும் பாட்டில் எங்கிருந்தும் எங்கும் போகலாம். 12ஆம் அடியும் 80ஆம் அடியும் ஒரே நேரத்தில் கைக்கு எட்டும். மேலிருந்து கீழே, ஒரு முறை, கண்ணால் படித்துக்கொண்டு போகிறவனுக்குத்தான் தாவுவது கஷ்டம். அந்த வாசகன் அச்சோடு வந்தவன். உ.வே.சா. பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டது 1889ல். பதினான்கு வருடம் கழித்து, அச்சில் முல்லைப்பாட்டைப் படித்த தலைமுறை ஆசிரியர் ஒருவர் வகுப்பறை மாணவர்களுக்காக எழுதும்போது மாட்டு அவருக்கு இயல்பற்றதாகத் தெரிகிறது. இரண்டு பேருமே அவரவர் வாசகனுக்கு நேர்மையாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஓலைச்சுவடியில் செய்யுளை அடி அடியாக மடக்கி எழுதும் வழக்கம் கிடையாது. ஓலை முடியும்வரை எழுத்து ஓடும். புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. அப்படியும் அடி எங்கே முடிகிறது என்று பதிப்பாசிரியர்களால் கண்டுபிடிக்க முடிந்தது. ஏனென்றால் யாப்பு உள்ளே இருந்தது. நான்கு சீர் எண்ணினால் ஓர் அடி. எதுகை அடுத்த அடியின் தலையைக் காட்டிக்கொடுக்கும். ஈற்றுக்கு முந்தைய அடியில் மூன்று சீர், முடிவில் ஓர் ஏகாரம் என்றால் நேரிசை ஆசிரியப்பா முடிந்தது. நாங்கள் ஒரு கோப்பை அனுப்பும்போது அது வழியில் கெட்டுப்போகவில்லை என்று சரிபார்க்க ஓர் எண்ணைக் கூடவே அனுப்புவோம், செக்சம் என்று பெயர். தமிழ்ச் செய்யுள் தன் செக்சத்தைத் தன்னுள்ளேயே வைத்திருந்தது.

இதிலிருந்து எனக்கு ஒரு சோதனை கிடைத்தது. ஒரு கவிதையை எடு. வரி முறிவுகளை எல்லாம் அழி. உரைநடைபோல ஒரே பத்தியாக்கு. இப்போது கவிதையை முன்பின் பார்த்திராத ஒரு நண்பரிடம் கொடுத்து வரிகளைத் திரும்பப் பிரிக்கச் சொல். எவ்வளவு தேறுகிறது?

முல்லைப்பாட்டு முழுதாகத் தேறும். பாரதியின் வசன கவிதையும் தேறும், ஆனால் வேறு காரணத்தால். ‘காட்சி’யில் யாப்பு இல்லை. பல இடங்களில் வரி என்பது வாக்கியம். முற்றுப்புள்ளி வந்தால் வரி முடிந்தது. சீருக்குப் பதில் தொடரியல் கணக்கு வைக்கிறது.

1934ல் மணிக்கொடியில் வந்த ந. பிச்சமூர்த்தியின் ‘காதல்’தான் புதுக்கவிதையின் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பிச்சமூர்த்தியின் காது பழைய காது. சந்தத்தை உதறினாலும் ஓசையை உதற அவருக்கு மனம் வரவில்லை. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’வின் முதல் இதழிலேயே வந்த அவருடைய ‘பெட்டிக்கடை நாரணன்’, ஒருவன் தன் பிழைப்பைச் சொல்லிக்கொண்டு போகும் கதைப்பாட்டு. அவர் கவிதைகளை என் சோதனையில் போட்டால் முக்கால்வாசி தேறிவிடும். க.நா.சு. வேறு பக்கம் போனார். ‘புதுக்கவிதை’ என்ற பெயரைப் பரப்பிய அவருக்குப் பேச்சின் வறட்சிதான் வேண்டியிருந்தது. அவர் கவிதைகளில் வரி எங்கே உடையும் என்று ஊகிப்பது கஷ்டம். பல இடங்களில் அது அங்கேதான் உடைய வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுமில்லை. இதைச் சொன்னால் க.நா.சு. ரசிகர்கள் அடிக்க வருவார்கள், பரவாயில்லை.

ஞானக்கூத்தன்தான் சோதனையை ஏமாற்றுகிறவர். ‘அன்று வேறு கிழமை’யில் (1973இல் இதே பெயரில் தொகுப்பும் வந்தது) பாடையின் நிழலில் ஒதுங்கி உதைபடும் நாயைப் பற்றிய கவிதை, பார்க்கப் புதுக்கவிதை. வாய்விட்டுப் படித்தால் விருத்தத்தின் நடை கேட்கும். பத்தியாக்கிக் கொடுத்தாலும் காதுள்ள ஆள் வரிகளைப் பிரித்துவிடுவார். மரபை விட்டுவிட்ட கவிஞர்களின் கூட்டத்தில் சட்டைக்குள் பூணூலைப்போல யாப்பைப் போட்டுக்கொண்டு நடமாடினார் என்று ஒரு நண்பர் கிண்டலடிப்பார். எனக்கு இதில் கிண்டல் தெரியவில்லை. உதை ஒன்றன்பின் ஒன்றாக விழுகிற ஒழுங்குக்கு அந்தச் சீரான நடை தேவைப்படுகிறது. கொடுமை அங்கே ஒரு சந்தத்தோடு நடக்கிறது.

பிரமிளின் ‘காவியம்’ சோதனையில் தோற்கும். பறவையைப் பிரிந்த ஓர் இறகு காற்றில் எதையோ எழுதிக்கொண்டு போகிறது. கவிதை முழுக்க ஒரே வாக்கியம். பத்தியாக்கினால் அழகான ஒரு வாக்கியம் மிஞ்சும், வரிகளை யாராலும் மீட்க முடியாது. ‘காற்றின்’ என்ற ஒரே ஒரு சொல் அங்கே தனி வரியில் நிற்கிறது. ஆறாம் வேற்றுமை, எதனுடையது என்று தெரியாமல் தொங்குகிறது. கண் அடுத்த வரிக்கு இறங்கும் அந்த நொடியில் இறகும் இறங்குகிறது. இதைச் செய்வது சீரும் இல்லை, ஓசையும் இல்லை. தாள்தான். ஓலையில் இந்தக் கவிதை இருந்திருக்கவே முடியாது.

இப்போது இதை முல்லைப்பாட்டின் முடிவோடு வைத்துப் பாருங்கள். 89ஆம் அடியில் தலைவியின் காது நிறைய எதுவோ ஒலித்தது என்று வினைச்சொல் வந்துவிடுகிறது. எது ஒலித்தது? சொல்ல மாட்டார் நப்பூதனார். காயா பூக்கிறது, கொன்றை பூக்கிறது, காந்தள் விரிகிறது, மழையில் நனைந்த காட்டுவழி முழுக்க வருகிறது. 103ஆம் அடியின் கடைசிச் சொல்லில்தான் எழுவாய்: தேரில் பூட்டிய குதிரைகள். முதலில் சத்தம், பிறகு வழி, கடைசியில் குதிரை. காத்திருக்கும் ஒருத்திக்கு எந்த வரிசையில் தெரியவருமோ அதே வரிசை. பிரமிளின் வாக்கியத்தில் எழுவாய் முதலில், வினை கடைசியில். அங்கே இறகு என்ன செய்கிறது என்பதற்காகக் காத்திருக்கிறோம். இங்கே செய்தது யார் என்பதற்காக. ஒன்று ஆறு வரி, ஒன்று பதினைந்து அடி. இரண்டையும் மாட்டுப் போட்டு நேராக்கிப் பாருங்கள், ‘குதிரைகள் வந்தன’, ‘இறகு எழுதியது’ என்ற செய்திதான் மிஞ்சும்.

வேதாசலம் 1906ல் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை எழுதினார். அது இன்னும் சிக்கலான அமைப்பு. 301 அடிகளில் காவிரிப்பூம்பட்டினம் பெருகி வழிகிறது, சுங்கச் சாவடி, மிளகு மூட்டை, குதிரை எல்லாம். நடுவில் 218ஆம் அடிக்கு வந்ததும், இந்தப் பட்டினமே கிடைத்தாலும் அவளை விட்டு வரமாட்டேன் நெஞ்சே என்று மூன்றே அடி. பிறகு கரிகாலன். முடிவில் மறுபடி மூன்று அடி. மொத்தப் பாட்டும் இந்த ஆறு அடிக் கீலில் திறந்து மூடுகிறது. 1962ல் ‘எழுத்து’வில் சி. மணி எழுதிய ‘நரகம்’ என்ற நெடுங்கவிதையைப் படிக்கும்போது எனக்கு எலியட்டைவிட இந்தக் கீல்தான் ஞாபகம் வந்தது. மாலைநேரச் சென்னைத் தெருக்கள் பெருகி வழிகின்றன. நடுவில் காமம் தீராத ஒருவன். பட்டினப்பாலைக்காரனுக்கு விட்டுப்போக முடியாத ஒருத்தி இருந்தாள், இவனுக்கு இல்லை. கீலை எடுத்துவிட்ட கதவுபோல நகரம் அவன்மேல் சாய்கிறது.

அன்றைய எதிர்ப்புகள் பெரும்பாலும் இந்தப் பக்கமே வரவில்லை. நா. வானமாமலை போன்றவர்கள் உள்ளடக்கத்தைப் பிடித்தார்கள், விரக்தி, பாலியல், தனிமனிதம் என்று. அவர்கள் கேள்விகள் தப்பில்லை. ஆனால் கவிதையைக் கருத்தாக மாற்றிக்கொண்டு அதன்பின் அந்தக் கருத்தோடு வாதிடுவதும் ஒருவகை மாட்டுதான். திணை கெடக்கூடாது என்று நச்சினார்க்கினியர் வரிகளை நகர்த்தியதுபோல, இவர்கள் வேறொரு திணைக்காக நகர்த்தினார்கள். செல்லப்பா தன் அலசல் விமர்சனத்தில் சொல் சொல்லாக, வரி வரியாகப் போய்க்கொண்டிருந்தது கொஞ்சம் சலிப்பாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அவர் நடை அப்படி. ஆனாலும் 1903இன் சண்டையை 1959க்குப் பிறகு தொடர்ந்து நடத்தியவர் அவர்தான். காந்தியவாதி செல்லப்பாவும் பல்லாவரத்து அடிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் பத்து நிமிடம் தாங்கியிருக்காது. வாசிப்பில் மட்டும் பங்காளிகள்.

இப்போது நாம் கவிதை படிப்பது கைப்பேசியில். திரையின் அகலம் போதாவிட்டால் வரி தானாக மடிகிறது. கவிஞர் உடைத்தது எது, கருவி உடைத்தது எது என்று தெரிவதில்லை. எச்டிஎம்எல்லில் வரி முறிவை வெறும் இடைவெளியாக எடுத்துக்கொள்வதுதான் இயல்பான நடத்தை. வரி உடைய வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும். ஞானக்கூத்தன் இதில் தப்பித்துவிடுவார், காது காப்பாற்றும். பிரமிளைக் காப்பாற்ற ஒன்றுமில்லை, வரியை வரியாக அனுப்பினால்தான் உண்டு. சி. மணி இதை யோசித்திருப்பார் என்று நினைக்கிறேன். யாப்பை விட்ட தலைமுறையைச் சேர்ந்த அவர்தான், செல்வம் என்ற பெயரில் ‘யாப்பும் கவிதையும்’ என்று ஒரு நூலே எழுதியவர்.