ஸ்டான்லி நோல்ஸ்

ஸ்டான்லி நோல்ஸ் (18 ஜூன் 1908 – 9 ஜூன் 1997) கனடாவின் கூட்டரசு நாடாளுமன்றக் கீழவையில் ஏறத்தாழ 38 ஆண்டுகள் எதிர்க்கட்சி வரிசையிலேயே அமர்ந்திருந்த இடதுசாரி அரசியல்வாதி. அமைச்சராக ஒருநாள்கூட இருந்ததில்லை. ஆனாலும் சபை விதிகளில் அவருக்கிருந்த பிடியைக் கண்டு அமைச்சர்கள் அஞ்சினார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸில் கனடியப் பெற்றோருக்குப் பிறந்த நோல்ஸ், அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். பின்னர் கிறித்தவப் போதகரானார். உறுப்பினராக இருந்த ஜே. எஸ். வூட்ஸ்வொர்த் இறந்ததால் வின்னிபெக் வடக்கு மத்தி தொகுதியில் 1942 நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில், கூட்டுறவுப் பொதுநலக் கூட்டமைப்பின் வேட்பாளராக வென்று சபைக்கு வந்தார்.

1956இல் நடந்த எரிவாயுக் குழாய் விவாதம் அவர் பெயரை நாடறியச் செய்தது. குழாய் பதிக்கும் நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கும் மசோதாவை ஜூன் 7க்குள் நிறைவேற்றிவிட வேண்டும் என்று லிபரல் அரசு விவாதத்துக்குத் திரும்பத் திரும்பக் கடிவாளம் போட்டது. நோல்ஸ் விதிப் புத்தகத்தைக் கையிலெடுத்து, ஒழுங்குப் பிரச்சினைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பினார். ஜூன் 1 அன்று சபாநாயகர் ரெனே போதுவான், முந்தைய நாள் மாலை தாம் செய்தது பிழை என்று சொல்லி, சபையை அந்த மாலை நிலைக்கே திருப்பிக் கொண்டுபோனார். பெரும் அமளி மூண்டது. ‘கருப்பு வெள்ளி’ என்று அந்த நாளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. மசோதா நிறைவேறியது, ஆனால் அடுத்த ஆண்டுத் தேர்தலில் 22 ஆண்டு லிபரல் ஆட்சி கவிழ்ந்தது.

புதிய பிரதமர் டீபன்பேக்கர், சபாநாயகர் பதவியை நோல்ஸுக்கே தர முன்வந்தார். நோல்ஸ் மறுத்துவிட்டார். அந்த நாற்காலியில் அமர்ந்தால், தாம் ஓயாமல் பேசிவந்த ஓய்வூதியம் பற்றி விவாதத்தில் வாய் திறக்க முடியாதே! 1958இல் டீபன்பேக்கர் அலையில் நோல்ஸ் தோற்றார். 1962இல், கூட்டமைப்பின் வழிவந்த புதிய ஜனநாயகக் கட்சியின் சார்பில் அதே தொகுதியில் வென்று திரும்பினார். இடைப்பட்ட காலத்தில் கனடியத் தொழிலாளர் காங்கிரஸில் பொறுப்பு வகித்தபடி, அந்தக் கட்சி உருவாகவும் உழைத்தார்.

அவரது பேச்சுகளில் மேடை முழக்கத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். சபை நடவடிக்கைப் பதிவேடான ஹன்சார்டில் கிடைப்பது பெரும்பாலும் கேள்விகளும் விதிச் சண்டைகளும்தான். முதியோர், விதவையர், முன்னாள் படைவீரர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஆகியோரின் ஓய்வூதியத்தை உயர்த்தச் சொல்லும் ஒரே கோரிக்கை ஆண்டுக்காண்டு திரும்ப வரும். படிப்பவருக்கு அலுக்கலாம், வேலை நடந்தது அந்த நச்சரிப்பால்தான். 1952இல் 70 வயதைக் கடந்தவர்களுக்கு, வசதி பார்க்காமல், மாதம் 40 டாலர் வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1965இல் கனடா ஓய்வூதியத் திட்டம் சட்டமானது. இவற்றை அவர் ஒருவரே சாதித்ததாகச் சொல்வது மிகை. ஆனால் ஆட்சியிலிருந்தவர்களை மறக்கவிடாமல் வைத்திருந்ததில் அவருக்கு நிகரானவர் சபையில் இல்லை. நியமன உறுப்பினர்கள் அமரும் செனட்டை ஒழிக்க வேண்டும் என்ற அவரது இன்னொரு நெடுங்காலக் கோரிக்கை மட்டும் நிறைவேறவே இல்லை.

1981இல் பக்கவாதம் தாக்கியது. 1984இல் ஓய்வுபெற்றபோது, பிரதமர் பியர் ட்ரூடோவின் முன்மொழிவில், சபைச் செயலர்களின் மேசையில் அவருக்கு வாழ்நாள் இருக்கை தரப்பட்டது. கனடிய நாடாளுமன்றத்தில் அந்த மரியாதையை முதன்முதலில் பெற்றவர் அவரே.